பதக்கத்துக்குப் பின் வரும் ஆண்டுகள்

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைக் கடந்து கியா பார்ம் சந்தைக்கு ஏறும் சாலையோரத்தில் முட்டைக்கோசும் இனிப்புச் சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்கும் கடைகளையும், அவற்றுக்கு அப்பால் சுங்கை பாலாஸ் சரிவுகளில் விரிந்து கிடக்கும் தேயிலையையும் கண்டு மகிழும் யாத்திரிகர்களுக்கு, அந்த மலையில் சமதரை எவ்வளவு அரிய பொருள் என்பது சட்டென்று தோன்றுவதில்லை. நூறு மீட்டர் நேர்கோடு கிடைப்பதே அபூர்வமான இத்தகைய தோட்டப்புறத்திலிருந்து ஒரு பிள்ளை பள்ளி விளையாட்டு விழாவில் எல்லாரையும் முந்தி ஓடி, மாவட்டப் போட்டிக்கும் மாநிலப் போட்டிக்கும் தேர்வாகி, கடைசியில் ஒரு கல்லூரியின் பெயர் பொறித்த பனியனை அணியும் நிலையை அடைந்தால், தோட்டம் முழுவதும் அதைத் தன் கீர்த்தியாகவே கொண்டாடுகிறது. கல்லூரியும் கொண்டாடுகிறது, கோப்பை கண்ணாடி அலமாரியில் ஏறுகிறது, முதல்வர் நிருபர்களுக்குப் பேட்டி அளிக்கிறார். ஐந்தாறு ஆண்டுகளில் முழங்கால் நைந்து, வேகம் தணிந்து, அந்தப் பனியன் இன்னொருவர் தோளுக்குப் போய்விடுகிறது. அதன் பிறகும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழவேண்டிய அந்த மனிதருக்குக் கல்லூரியும் சமூகமும் கடன்பட்டிருக்கின்றனவா, பட்டிருந்தால் அக்கடனை எவ்வாறு தீர்ப்பது என்னும் வினா, விழாக் கூட்டங்களில் எழுவதில்லையாயினும், தர்மத்தை ஆராய்வோர் தவிர்க்க இயலாததாகும்.

இவ்வினாவைத் தெளிவாக்கும் சரித்திரம் ஒன்று கோல்ஹாப்பூரில் நிகழ்ந்தது. கோலேஷ்வர் கிராமத்து மல்லரும் ராஜாராம் கல்லூரி மாணவருமான கே. டி. ஜாதவ் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிக்குப் புறப்பட வேண்டியிருந்தபோது, பயணச் செலவுக்குப் பணம் இல்லாத நிலையில், அக்கல்லூரியின் முதல்வர் தம் சொந்த வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார் என்பது இன்றும் நன்றியுடன் பேசப்படுகிறது. ஜாதவ் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒருவர் வென்று தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்றன. ஆரவாரம் அடங்கியதும் அந்த மல்லர் செய்த முதற்காரியம், குஸ்திப் போட்டிகளை நடத்தி, அவற்றில் தாமே மோதி வென்று, முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தது. பின்னர் 1955இல் காவல் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து நெடுங்காலம் பணியாற்றி, ஓய்வூதியத்துக்காக அலைந்து, 1984இல் சாலை விபத்தில் காலமானார். அர்ஜுனா விருது அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து வந்தது. டில்லியில் ஒரு மல்யுத்த அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வீரர் கல்லூரிக்குப் பட்ட கடன் விரைவிலேயே அடைந்தது. நாடு வீரருக்குப் பட்ட கடனோ, அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லாத காலத்தில்தான் நினைவுக்கு வந்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுவது இயல்பு. ஓடியவன் தன் இன்பத்துக்காக ஓடினான். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கைதட்டலும் பெயரும் இலவசக் கல்வியும் பெற்றான். இதற்கு மேலும் கடன் என்பது எங்கிருந்து வந்தது என்பர் சிலர். இந்த வாதம் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. 1955இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக அந்நாட்டுக் கால்பந்து ஆடிய மாணவர் ஒருவர் தலையில் அடிபட்டு மாண்டார். அவருடைய மனைவி தொழிலாளருக்குரிய இழப்பீடு கோரினார். கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை என்று கூறி, மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் அக்கோரிக்கையை நிராகரித்தது. சட்டத்தின் கண்ணுக்கு அது சரியாகவே பட்டிருக்கலாம். ஆனால், ஒருவர் இன்பத்தோடு செய்தார் என்பதனால் அச்செயலின் பலனைப் பெற்றவர்களின் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. ஆசிரியர் ஆனந்தமாகப் பாடம் நடத்துகிறார் என்பதற்காக அவருடைய சம்பளத்தை யாரும் பிடித்துக்கொள்வதில்லை. ஸ்தாபனம் ஒன்று ஓர் இளைஞரின் சரீரத்தைக் கொண்டு தனக்குப் பெயர் தேடிக்கொண்டது என்றால், அந்தச் சரீரத்துக்கு நேர்ந்த தேய்மானத்திலும், படிப்பில் இழந்த மணிநேரங்களிலும் அதற்குப் பங்கு உண்டு.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் இன்னொன்று இருக்கிறது; அது நகரத்து அரங்குகளில் எழாமல், தோட்டத் தொழிலாளரின் லயத்திலிருந்துதான் எழும். 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு இம்மலைச் சரிவுகளில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, பனி விலகுமுன் நிரையில் இறங்கி, நிறுக்குமிடத்தில் கொழுந்தின் எடை எவ்வளவு என்று தராசு முள்ளைப் பார்த்து நின்ற பெண்களின் முழங்கால்களும்தான் நைந்தன. அவர்களுக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. பத்து விநாடி ஓடியவருக்கு மட்டும் விசேஷ கௌரவம் ஏன் என்று அவர்களுள் ஒருவர் கேட்டால், விளையாட்டு அபிமானிகள் சாமானியமாக விடை கூறிவிட முடியாது. நேர்மையான விடை ஒன்றே: விளையாட்டாளருக்காக நாம் கோரும் நியாயம், பிறருடைய உழைப்பால் பயன் பெற்றவர் அவ்வுழைப்பால் தேய்ந்தவரைக் கைவிடலாகாது என்னும் பொது நியாயத்தின் ஒரு கிளையே. அக்கிளையை மாத்திரம் ஒப்புக்கொண்டு அடிமரத்தை மறுப்போருடைய கௌரவம், கோப்பையின் மீது கொண்ட மோகமாகவே முடியும்.

இனி, கடனைத் தீர்க்கும் முறையை ஆராய்வோம். போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நாட்டிப் பெயரும் பீடும் எழுதி வழிபட்ட மரபு நம்முடையது. அம்மரபின் பெருமையில் ஐயமில்லை. ஆனால் நடுகல், செயல் முடிந்த கணத்திலேயே வாழ்வும் முடிந்தவனுக்கு உரியது. விளையாட்டு வீரரின் நிலை இதற்கு முற்றிலும் மாறானது. அவருடைய செயல் இருபத்தைந்து வயதில் முடிகிறது, வாழ்வோ அதற்குப் பிறகே பெரும்பாலும் எஞ்சி நிற்கிறது. உயிரோடு இருப்பவருக்கு நடுகல் மனோபாவத்துடன் மரியாதை செய்வதால்தான் பொன்னாடையும் நினைவுக் கேடயமும் மிகுந்து, வாடகை கொடுக்கவும் மருந்து வாங்கவும் வழி குறைந்து போகிறது.

அரசாங்கங்கள் இதை அறியாமல் இல்லை. மலேசியாவில் ஒலிம்பிக் பதக்கம் வென்றோருக்குத் தங்கத்துக்கு 5,000, வெள்ளிக்கு 3,000, வெண்கலத்துக்கு 2,000 ரிங்கிட் என மாதந்தோறும் உபகாரச் சம்பளம் வழங்கும் திட்டம் உண்டு. முன்னாள் விளையாட்டாளர் நலனுக்கென யாக்கெப் என்னும் அறக்கட்டளையும் உண்டு. இவை போற்றத்தக்கவை. ஆயினும் பதக்கத்தை அளவுகோலாகக் கொள்ளும் எந்த ஏற்பாட்டிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. அந்நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கிட்டியதே 1992இல்தான். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற எம். ஜெகதீசனும், அதே போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜாமணியும் அந்த அளவுகோலின்படி அதன் எல்லைக்கு வெளியே நிற்பவர்கள். அவர்களுக்கும் கீழே, கல்லூரிக்காகவும் மாநிலத்துக்காகவும் ஓடி நான்காமிடம் பெற்றவர்களின் கூட்டம் பெரிது. மூன்றாமிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் இடையில் இருப்பது ஒரு கையளவு தூரமே தவிர, உழைப்பின் அளவன்று.

பதக்கத்தோடு கட்டப்பட்ட கௌரவம், பதக்கம் போனால் தானும் போய்விடும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, கல்லூரிக் காலத்தில் ஓட்டத்தில் பெயர் பெற்ற சாந்தி சௌந்தரராஜன், 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அது பறிக்கப்பட்டது. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் வழங்கியது. அவர் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். எனினும் பிற்பாடு சூளை வேலைக்கே திரும்ப நேர்ந்தது. 2016இல் அரசு விளையாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக நிரந்தரப் பணி கிடைத்தபோதுதான் அவருடைய ஜீவனம் நிலைபெற்றது. பரிசுத் தொகை அவரைக் காக்கவில்லை. வேலை காத்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஜெகதீசனின் வாழ்க்கையும், வேறொரு திசையிலிருந்து, இதையே மெய்ப்பிக்கிறது. பறக்கும் டாக்டர் என்று மலேசிய மக்கள் அன்போடு அழைத்த அவர், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றுகொண்டே ஓடியவர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் கடந்த 20.92 விநாடி, 2017 வரை மலேசியத் தேசிய சாதனையாக நிலைத்தது. ஓட்டம் ஓய்ந்த பிறகு அவர் மருத்துவத் துறையில் உயர் பதவிகளை வகித்தார். விளையாட்டு மருத்துவத்திலும் தொண்டாற்றினார். அவருடைய இரண்டாம் வாழ்வு யாருடைய தயவையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. ஆனால் அவரை எடுத்துக்காட்டி, ‘முயன்றால் எல்லாரும் இப்படி வரலாமே’ என்று உபதேசிப்பது நியாயமாகாது. அவருக்கு வாய்த்த படிப்பை, கல்லூரி அணிக்குச் சேர்க்கப்படும் தோட்டத்துப் பிள்ளைக்கும் வாய்க்கச் செய்வதே அவரை உதாரணமாகக் காட்டுவோரின் கடமை. தேர்வு நாளில் போட்டிக்கு அனுப்பிவிட்டு மறுதேர்வு தராத கல்லூரி, வருகைப் பதிவேட்டில் பொய்யாக வருகை போட்டுப் பாடமே நடத்தாமல் பட்டத்தை மட்டும் நீட்டுகிற கல்லூரி, முழங்காலில் சிகிச்சை வேண்டியவரை அடுத்த பருவம் அணியில் சேர்க்காமல் விடுவதோடு தன் பொறுப்பு முடிந்தது என்று கருதும் கல்லூரி ஆகியவை, இருபது ஆண்டு கழித்து அவரை மேடையேற்றிப் பாராட்டினாலும் கடன் தீர்ந்ததாகாது.

ஆகவே முறை இதுவாதல் வேண்டும். ஓடும் காலத்திலேயே பயனுள்ள கல்வி கிடைக்க வழி செய்வது முதற்கடன். ஓட்டத்தால் நேர்ந்த காயத்துக்கு, அணியை விட்டு விலகிய பின்னரும் வைத்தியம் செய்விப்பது இரண்டாவது. அனுபவத்தை வீணாக்காமல் அடுத்த தலைமுறைக்குப் பயிற்றுவிக்கும் பணியில் அமர்த்துவது மூன்றாவது. பொன்னாடையும் பெயர்ப்பலகையும் நான்காவதாக வருபவை. அவற்றை இழிவென்று ஒதுக்க வேண்டியதில்லை, மனிதர் சோற்றினால் மட்டும் வாழ்வதில்லையாதலால் நினைக்கப்படுவதும் ஒரு பசிக்கு உணவுதான். ஆனால் கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதும் என்ற நிலை வருமாயின், எந்தக் கல்லூரியும் சங்கமும் கைவிட வேண்டியது விழாவையே. அப்படிக் கைவிடுவதனால் எந்த வீரரும் அவமானப்பட்டதாகக் கருதமாட்டார்.