கடைசி உறை

2021 ஆஸ்கர் விழா முடிந்த விதத்தை நேரலையில் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வழக்கமாகச் சிறந்த படத்துக்கான விருதுதான் கடைசியில் வரும். அந்த வருடம் அதை முன்னாடியே கொடுத்துவிட்டார்கள். 'நோமேட்லேண்ட்' வாங்கியது. பிறகு சிறந்த நடிகை. கடைசியில் சிறந்த நடிகர். வரிசை மாறியதைக் கவனித்த எல்லாருக்கும் மனசுக்குள் ஒரே கணக்குதான் ஓடியது: சாட்விக் போஸ்மன். 2020 ஆகஸ்டில், 43 வயதில், குடல் புற்றுநோயால் இறந்தவர். 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' அவருடைய கடைசிப் படம். கோல்டன் குளோப் அவருக்குத்தான் போயிருந்தது, நடிகர் சங்க விருதும்கூட. ஆக, அவர் மனைவி மேடைக்கு வருவார், பேசுவார், உலகமே அழும், விழா முடியும். திரைக்கதை ரெடி.

வாக்கின் ஃபீனிக்ஸ் உறையைப் பிரித்து ஆண்டனி ஹாப்கின்ஸ் என்றார். ஹாப்கின்ஸ் அரங்கிலேயே இல்லை, வேல்ஸில் இருந்தார். அவர் சார்பில் அகாடமி விருதை ஏற்றுக்கொள்கிறது என்று ஃபீனிக்ஸ் ஒரு வரி சொன்னார். கொஞ்ச நேரத்தில் கடையைச் சாத்திவிட்டார்கள்.

இங்கே அது திங்கட்கிழமை காலை. எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே கொந்தளிப்பு. "கெழவனுக்கு எதுக்குடா ரெண்டாவது ஆஸ்கர்?" என்று ஒருவன். "செத்த மனுஷனக்கூட ஏமாத்திட்டானுங்க" என்று இன்னொருத்தி. எனக்கும் தொண்டையில் ஏதோ அடைத்தது. ஆனால் ஒரு சிக்கல். போட்டியில் இருந்த ஐந்து படங்களையும் பார்த்திருந்தேன். நடிப்பு என்று பார்த்தால் 'தி ஃபாதர்' படத்தில் ஹாப்கின்ஸ் செய்ததுதான் உச்சம் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். இருந்தும் போஸ்மனுக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று மனசாரக் கேட்டேன். சிறந்தது இது என்று தெரிந்துகொண்டே பரிசு வேறொருவருக்குப் போக வேண்டும் என்று விரும்புவது நேர்மையா?

"அவருக்குத் தகுதி இருக்கு" என்று ரசிகர்கள் சொல்லும்போது அந்தத் 'தகுதி'க்குள் குறைந்தது இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, வேலை நன்றாக இருக்கிறது என்பது. இன்னொன்று, இந்த மனிதருக்கு நாம் ஏதோ பாக்கி வைத்திருக்கிறோம் என்பது. ஆஸ்கர் சரித்திரத்தில் பாதி இந்தப் பாக்கிக் கணக்குதான். அல் பச்சினோவுக்கு 'காட்ஃபாதர்', 'செர்பிகோ', 'டாக் டே ஆஃப்டர்நூன்' எதற்கும் கொடுக்கவில்லை. 1993இல் 'சென்ட் ஆஃப் எ உமன்' படத்துக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் டென்சல் வாஷிங்டன், 'மால்கம் எக்ஸ்' படத்துக்காக. பாக்கி இப்போது டென்சல் பக்கம் ஏறியது. 2002இல் 'ட்ரெய்னிங் டே'வுக்குத் தீர்த்தார்கள். நம்மூர் சீட்டுக் கம்பெனி தோற்றுவிடும்.

டென்சல் பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். போஸ்மன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அவருக்கும் சில மாணவர்களுக்கும் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கோடைக்கால நாடகப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கையில் காசு இல்லை. அவர்களுடைய ஆசிரியை ஃபிலிசியா ரஷாத் கேட்டுக்கொண்டதால் டென்சல் பணம் கட்டினார். யார் இந்தப் பையன் என்று அவருக்குத் தெரியாது. பல வருடம் கழித்து, 2019இல் டென்சலுக்கு நடந்த பாராட்டு விழாவில் போஸ்மனே மேடையில் இதைச் சொன்னார். 'மா ரெய்னி' படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும் டென்சல்தான். போஸ்மனுக்கு உலகம் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அவன் சிறந்தவனா இல்லையா என்று யாரும் எடை போடாமல் கொடுத்தது அது. அதற்கு உறை கிடையாது, எதிரில் நாலு பேர் தோற்கவும் இல்லை.

பரிசுக்கு எதிரில் ஆள் உண்டு, அதுதான் வித்தியாசம். அந்த வருடம் பட்டியலில் இருந்த மற்ற மூவரை எங்கள் குழுவில் ஒருவர்கூட நினைக்கவில்லை. 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' ரிஸ் அஹ்மத், 'மினாரி' ஸ்டீவன் யூன், 'மான்க்' கேரி ஓல்ட்மன். இந்தப் பிரிவில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் ரிஸ், முதல் ஆசிய அமெரிக்கர் யூன். அவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைக்கும்போது ஒரு வாக்கு கொடுக்கிறோம்: உங்கள் நடிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்று. ஒரு மரணத்துக்காக ஓட்டை மாற்றிப் போட்டால், அந்த வாக்கை மீறியதாகத்தான் அர்த்தம்.

ஆனால் நடிப்பை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க முடியுமா என்பது அடுத்த தொல்லை. 2016இலேயே போஸ்மனுக்கு நோய் கண்டுபிடித்துவிட்டார்கள். வெளியே சொல்லவில்லை. 'பிளாக் பேந்தர்' உட்பட எத்தனையோ படங்களைச் சிகிச்சைகளுக்கு நடுவே முடித்தார். நமக்குத் தெரியாததால் நாம் நடிகரைப் பார்த்தோம், நோயாளியைப் பார்க்கவில்லை. இப்போது 'மா ரெய்னி' படத்தில் லெவீ கடவுளைக் கூப்பிட்டுச் சண்டை போடும்போது அந்த மெலிந்த தோள்கள்தான் கண்ணில் படுகின்றன. அவர் மறைத்ததையே முக்கியமான விஷயமாக்கி ஓட்டுப் போடுவது அவருக்கு மரியாதையா?

சரி, ஹாப்கின்ஸ் பக்கம் சுத்தமான நடிப்பு என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. இயக்குநர் ஃப்ளோரியன் செல்லர் அந்தக் கதாபாத்திரத்துக்கு ஆண்டனி என்றே பேர் வைத்தார். மருத்துவர் பிறந்த தேதி கேட்கும்போது அந்த முதியவர் சொல்வது 1937 டிசம்பர் 31. அது ஹாப்கின்ஸின் சொந்தப் பிறந்தநாள். தன் பெயரையும் தேதியையும் சொல்லிக்கொண்டே நினைவை இழக்கிற ஒரு வயதான மனிதரைத்தான் நாம் பார்க்கிறோம். இரண்டு பேருமே சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடித்திருக்கிறார்கள். ஒருவர் நமக்குச் சொல்லாமல், ஒருவர் நம்மிடம் சொல்லிவிட்டு. அதனால் 'ஒருவருக்கு அனுதாபம், இன்னொருவருக்குத் திறமை' என்ற பாகுபாடு எனக்கு ஒட்டவில்லை.

எனக்கு ஓட்டு இருந்திருந்தால் ஹாப்கின்ஸ் பெயரைத்தான் குறித்திருப்பேன். குறித்துவிட்டு, போஸ்மன் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பேன். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விரும்புவது என் உரிமை, தீர்ப்பு மற்றவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியது. தன் மகள் ஓடுகிற ஓட்டப் பந்தயத்தில் கோட்டருகே நிற்கிற அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். எழவு வீட்டுக்கு யாரும் தராசு எடுத்துக்கொண்டு போவதில்லை. அதே மாதிரி, தராசு இருக்கிற இடத்தில் ஒப்பாரியைத் தட்டில் வைக்கக் கூடாது.

கோபம் யார் மேல் வர வேண்டும் என்றால், அந்த விழாவை அமைத்தவர்கள் மேல். முடிவு அவர்களுக்குத் தெரியாது. ஓட்டு எண்ணும் கணக்கு நிறுவனத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். தெரியாத ஒரு முடிவின் மேல், ஒரு மனிதரின் சாவை கிளைமாக்ஸாக வைத்துச் சூதாடினார்கள். ஜெயித்திருந்தால் கண்ணீர், தொலைக்காட்சி வரலாறு. தோற்றதும், வந்திருந்த அவர் மனைவியை உட்கார வைத்துவிட்டு விளக்கை அணைத்தார்கள். ஹாப்கின்ஸுக்கும் அதே கதிதான். அந்த நடிப்புக்கு விழுந்திருக்க வேண்டிய கைதட்டல் விழவே இல்லை. நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய எல்லாரிலும் வயதில் மூத்தவர் என்ற செய்தியைக்கூட யாரும் ரசிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அஞ்சலி செலுத்தவென்றே அந்த விழாவில் ஒரு பகுதி உண்டு. அந்த வருடம் மறைந்தவர்களை வரிசையாகக் காட்டுவார்கள். 2021இல் அதை என்ன வேகத்தில் ஓட்டினார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இர்ஃபான் கான் முகம் வந்த வேகத்தில் போனது. இந்தியாவிலிருந்து முதல் ஆஸ்கர் வாங்கிய, 'காந்தி' படத்து உடை வடிவமைப்பாளர் பானு அதையாவும் அப்படித்தான். போஸ்மன் முகத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார்கள். துக்கத்துக்கு ஒதுக்கிய இடத்தில் அவசரம், பந்தயம் நடக்கிற இடத்தில் துக்கத்துக்காகக் காத்திருப்பு. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

மறுநாள் ஹாப்கின்ஸ் இன்ஸ்டாகிராமில் ஒரு சின்ன வீடியோ போட்டார். பின்னால் வேல்ஸின் பச்சைப் புல்வெளி. இந்த வயதில் இதை எதிர்பார்க்கவில்லை என்றார், நன்றி சொன்னார், சீக்கிரமாகவே நம்மிடமிருந்து பறிக்கப்பட்டவர் என்று போஸ்மனைக் குறிப்பிட்டு அஞ்சலி சொன்னார். நிமிடக் கணக்கில் பார்த்தால் ஒன்றுமில்லை. குழுவில் அந்த லிங்கைப் போட்டேன். "கெழவன்" என்று எழுதியவன் ஒரு இதயம் மட்டும் போட்டான். அப்புறம், "'தி ஃபாதர்' எதுலடா பாக்கலாம்?" என்று கேட்டான்.