தைத்த பொக்கட்டும் அமானிதமும்

களவெடுக்க வழியே இல்லாத ஓரிடத்தில் களவெடுக்காமல் இருப்பவனை நேர்மையானவன் என்று சொல்லலாமா?

பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்யும் எந்த ஆசிரியருக்கும் இது தெரிந்த கேள்விதான். மேசைக்கு மேசை இடைவெளி விட்டு, பைகளையும் கொப்பிகளையும் வெளியே வைக்கச் செய்து, மூன்று மணித்தியாலம் கண்வைத்துக் காத்த பின்னர் 'பிள்ளைகள் நேர்மையாக எழுதினார்கள்' என்று திருப்தியடைகிறோம். உண்மையில் அங்கு நாம் கண்டது, பிள்ளைகள் பார்த்தெழுதவில்லை என்பதை மட்டுமே. அவர்கள் நேர்மையானவர்களா என்பதை நாம் காணவில்லை. காண்பதற்கான சந்தர்ப்பத்தையும் நாம் கொடுக்கவில்லை.

சில காலமாக இந்தக் கேள்வி பரீட்சை மண்டபத்தை விட்டுக் கிளம்பிப்போய், பட்டணத்துச் சுப்பர் மார்க்கட் ஒன்றின் காசு மேசையருகே நின்றுகொண்டு என்னைத் தொந்தரவு செய்கிறது. அதற்குக் காரணம் உண்டு.

எங்களது ஊர் வெள்ளாமையை நம்பிய ஊர். சாதாரண தரம் எழுதிவிட்டு உயர்தரத்துக்குப் போக முடியாத பையன்களுக்கு முன்பெல்லாம் மூன்று வழிகளே இருந்தன. வாப்பாவோடு வயலுக்குப் போவது, மேசன்மாருக்குக் கையாளாகப் போவது, வயது வந்ததும் கட்டாருக்கோ சவூதிக்கோ போவது. இப்போது நான்காவதாக ஒரு வழி திறந்திருக்கிறது. அது சுப்பர் மார்க்கட்டில் பயிலுநராகச் சேருவது. சீருடை கிடைக்கிறது. மாதக் கொடுப்பனவு கிடைக்கிறது. 1 முதல் 7 வரை படிநிலைகள் கொண்ட தேசிய தொழிற் தகைமையில் ஒரு படியில் கால்வைக்கலாம் என்ற நம்பிக்கையும் கிடைக்கிறது. "அனுப்பலாமா சேர்?" என்று பெற்றோர் வந்து கேட்கும்போதெல்லாம் அனுப்புங்கள் என்றே சொல்லி வந்திருக்கிறேன். இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அந்தப் பிள்ளை அங்கே எதைக் கற்கிறது, எதைக் கற்க முடியாமற் போகிறது என்பதை யோசித்துப் பார்ப்பதும் ஆசிரியரின் வேலைதான் என்பது என் எண்ணம்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அத்தகைய நிலையமொன்றில் ஒன்றரை வருடமாகப் பயிலுநராக இருக்கிறார். லீவில் ஊருக்கு வரும் நாட்களில் என்னோடு பேசிக்கொண்டிருப்பார். அவர் கற்றுக்கொண்டவை கொஞ்சமல்ல. பால் பெக்கட்டுகளை அடுக்கும்போது காலாவதித் திகதி கிட்டியதை முன்னுக்கும், தூரத் திகதியை பின்னுக்கும் வைக்க வேண்டும். கண் மட்டத்துத் தட்டுத்தான் விற்பனையில் உயர்ந்த தட்டு. அதில் எது இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். இவருக்கு வருவது அடுக்கும் வரைபடம் மட்டுமே. பார் கோட்டின் கீழுள்ள இலக்கம் 479 என்று தொடங்கினால் அது இலங்கையில் பதிவு பெற்ற இலக்கம். பில்லில் ஒருமுறை அடித்த பொருளை நீக்குவதானால் சுப்பவைசரின் திறப்பு வேண்டும். இரவில் லாச்சிக் காசை எண்ணும்போது குறைந்தால் அது காசாளரின் கணக்கில் விழும். இவற்றோடு, வகுப்பில் நாங்கள் எவ்வளவோ முயன்றும் அவருக்கு வராத சிங்களம் ஆறு மாதத்தில் வாயில் வந்துவிட்டது. இதற்காகவே அந்தக் கடைக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்த வகைக் கடை வானத்திலிருந்து விழுந்ததல்ல. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஃபொக்ஸ் என்பவரைப் பின்பற்றிய குவேக்கர் சமயத்தவர்கள் பேரம் பேசுவதை ஒருவகைப் பொய்யென்று கருதினார்கள். பத்துக்குக் கொடுக்க மனம் கொண்டவன் முதலில் பதினைந்து என்று சொல்வது பொய்தானே? ஆகவே அவர்களது கடைகளில் ஒரே விலை. சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற மாட்டாது என்ற நம்பிக்கை அவர்களுக்கு வாடிக்கையாளரைச் சேர்த்தது. 1916 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட 'பிக்லி விக்லி' என்ற கடையில் வாடிக்கையாளர் தாமே உள்ளே நடந்து பொருளை எடுக்கும் முறை வந்தது. அதற்கு முன்னர், எங்களூர்ச் சந்திக் கடையில் இன்றும் நடப்பதுபோல, மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர் எடுத்துத் தருவார். 1974 ஜூன் 26 ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்துக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பெக்கட்டின் பார் கோட்டை இயந்திரம் முதன்முதலாகப் படித்தது. அன்றிலிருந்து விலை சொல்லும் வேலையும் மனிதனின் வாயை விட்டுப் போயிற்று.

இந்த வரலாற்றின் நடுவில் ஒரு தத்துவவாதி நிற்கிறார். ஜேர்மனியரான இம்மானுவேல் கான்ட் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் ஒரு கடைக்காரரை உதாரணமாகக் காட்டுகிறார். அக்கடைக்காரர் விவரமறியாதவரிடம் கூடுதலாக அறவிடுவதில்லை; பிள்ளை வந்தாலும் பெரியவர் வந்தாலும் ஒரே விலை. மக்கள் அங்கே நேர்மையாகத்தான் நடத்தப்படுகிறார்கள். ஆனாலும் அவர் இதைக் கடமை என்று கருதிச் செய்கிறாரா, வியாபாரத்துக்கு நல்லது என்று செய்கிறாரா என்று கேட்கிறார் கான்ட். இலாபம் கருதியதென்றால் அதற்கு ஒழுக்கப் பெறுமதி இல்லை என்பது அவரது தீர்ப்பு.

ஆசிரியர் கலாசாலையில் இதைப் படித்த நாட்களில் கான்ட் சற்றுக் கடுமையானவராகவே எனக்குத் தெரிந்தார். இன்று எனக்கு எழும் கேள்வி வேறு. கான்ட் கடை முதலாளியைப் பற்றிப் பேசினார். கடைப் பையனைப் பற்றிப் பேசவில்லை. அந்த முதலாளி, இலாபத்துக்காகவோ கடமைக்காகவோ, ஒரே விலை என்பதைத் தானே தெரிவு செய்தவர். ஏமாற்றவும் அவரால் முடிந்திருக்கும். எனது மாணவர் எதையும் தெரிவு செய்யவில்லை. விலையை இயந்திரம் சொல்கிறது, நிறையைத் தராசு சொல்கிறது, மிச்சக் காசைத் திரை சொல்கிறது, எல்லாவற்றையும் மேலேயிருந்து கமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. அணிந்தவனை யாரும் காணாதபடி மறைத்துவிடும் மோதிரமொன்றைப் பற்றிப் பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் ஒரு கதை வருகிறது. யாரும் காணாதபோதும் ஒருவன் நல்லவனாக இருப்பானா என்பதே அக்கதை எழுப்பும் கேள்வி. சுப்பர் மார்க்கட் அந்த மோதிரத்தின் நேர் எதிர். அங்கே யாரும் எப்போதும் மறைய முடியாது. ஆகவே அந்தக் கேள்வியே அங்கு எழுவதில்லை.

இப்படி எழுதுவதால் பழைய சந்திக் கடையைப் புகழ வருகிறேன் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். அந்தக் கடையில் கடன் கொப்பி இருந்தது. வெள்ளாமை வெட்டு முடியும்வரை சீனியும் பருப்பும் மாவும் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்கள். அரைத் தேங்காயும் கால் போத்தல் எண்ணெயும் அங்கேதான் கிடைத்தன. உண்மைதான். அதே கடையில்தான் தராசுத் தட்டில் விரல் பட்டது. ஆளின் முகத்தைப் பார்த்து விலை மாறியது. கொப்பியோடு அனுப்பப்பட்ட பத்து வயதுப் பிள்ளையிடம், நாலு பேர் முன்னிலையில், "வாப்பாவ வரச் சொல்லு" என்று சொல்லப்பட்டது. அந்தப் பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்த தூரத்தை எந்தக் கொப்பியிலும் எழுதி வைக்கவில்லை. சுப்பர் மார்க்கட்டில் எவரும் உங்கள் பெயரைக் கேட்பதில்லை, ஊரைக் கேட்பதில்லை, யாருடைய மகன் என்று கேட்பதில்லை. மூவின மக்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த காலங்கள் பலவற்றைக் கடந்து வந்த இந்த நாட்டில், பெயர் கேளாத விலை என்பது சிறிய விடயமல்ல.

ஆனால் ஒரு நாள் அந்த மாணவர் சொன்ன சம்பவம் எனது மனதில் நின்றுவிட்டது.

பின்னேரம், நெருக்கடியான நேரம். வயதான சிங்களப் பெண்மணியொருவர் 400 கிராம் பால்மா பெக்கட்டொன்று, கொஞ்சம் பருப்பு, ஒரு சவர்க்காரம் கொண்டு வந்திருக்கிறார். பில் அடித்த பிறகு முப்பது ரூபா குறைந்தது. பின்னால் வரிசை. அந்தப் பெண்மணி சவர்க்காரத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, "சமாவென்ன புத்தே" என்றிருக்கிறார். மன்னித்துக்கொள் மகனே என்று. சவர்க்காரத்தைப் பில்லிலிருந்து நீக்குவதற்குச் சுப்பவைசர் வர வேண்டும். அவர் வரும்வரை அந்த மூதாட்டி எல்லோர் பார்வையிலும் நின்றுகொண்டிருந்தார்.

"முப்பது ரூபாதானே, நீங்க போட்டிருக்கலாமே தம்பி" என்றேன்.

"எப்படிப் போடுற சேர்? வேலைக்குப் போகக்குள்ள எங்கட காசெல்லாம் லொக்கர்ல வெச்சிட்டுத்தான் போகோணும். காற்சட்டை பொக்கட்டும் தச்சிரிக்கி. எடுக்கவும் ஏலா, குடுக்கவும் ஏலா."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். கடைக் காசு உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகத் தைக்கப்பட்ட பொக்கட் அது. ஆனால் தையலுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே போகும் வழியை அடைத்தால் வெளியே வரும் வழியும் அடைபடும். களவும் கொடையும் ஒரே வாசலால்தான் போய்வருகின்றன.

எங்கள் பேச்சில் 'அமானிதம்' என்றொரு சொல் இருக்கிறது. ஒருவர் நம்பி ஒப்படைத்ததை மற்றவர் காப்பது அமானிதம். இச்சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். காப்பவரை மட்டுமே பேசுகிறோம்; ஒப்படைப்பவரைப் பேசுவதில்லை. ஒப்படைக்கப்படாத ஒன்றில் அமானிதம் இல்லை. பூட்டிய பெட்டியைத் திறப்பில்லாமல் ஒருவனிடம் கொடுத்துவிட்டு 'இவன் நம்பிக்கையானவன்' என்று சொன்னால், நாம் புகழ்வது பூட்டைத்தான்.

நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. நூற்றுக்கணக்கான கிளைகள், ஆயிரக்கணக்கான ஊழியர்கள். காசாளர் ஒவ்வொருவரும் தமக்கு இரக்கம் வந்த இடத்தில் கடைக் காசில் முப்பது ரூபாவை விட்டுக்கொடுத்தால், விரைவிலேயே அந்த இரக்கம் சொந்தக்காரருக்கும் ஊராருக்கும் மட்டுமே வரத் தொடங்கும். முகம் பார்த்து விலை சொன்ன சந்திக் கடைக்கே மறுபடி வந்து நிற்போம். லாச்சியில் காசு குறைந்தால் குற்றமற்ற பிள்ளையின் மீதும் சந்தேகம் விழும். தைத்த பொக்கட் அந்தச் சந்தேகத்திலிருந்து அவனைக் காக்கிறது என்றும் சொல்லலாம். இவை பொய்யான வாதங்களல்ல. ஆனால் இவை பொக்கட்டைத் தைப்பதற்கான நியாயங்கள் மட்டுமே. தைத்த பொக்கட்டோடு மூன்று வருடம் வேலை பார்த்த பிள்ளை எப்படிப்பட்ட மனிதனாக வெளியே வருவான் என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை. வேலைக்கு ஆளெடுத்தவருக்கு அக்கேள்வி தேவையில்லாமல் இருக்கலாம். 'பயிலுநர்' என்று பெயர் வைத்து எடுத்தவருக்கு அது தேவை. பயிற்றுவிக்கிறோம் என்று சொன்னவர் எதைப் பயிற்றினோம் என்று சொல்லத்தான் வேண்டும்.

வீடு கட்டியே ஒருவன் கொத்தனாகிறான், அதுபோல நேர்மையான செயல்களைச் செய்தே நேர்மையானவனாகிறான் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. சுப்பர் மார்க்கட் நல்ல பழக்கங்களைப் பழக்குகிறது என்று இதைக் கொண்டு வாதிடலாம். நேரத்துக்கு வருவது, சரியாக நிறுப்பது, சரியாக எண்ணுவது எல்லாம் கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் சுவர் சரியாதபடி இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கும்போது கல் அடுக்கியவன் கொத்தனாகி விடுவானா? தூக்குக்குண்டை அவனே பிடித்துப் பார்க்க வேண்டாமா? எனது மாணவரின் ஆசை என்றாவது ஊரில் சொந்தமாக ஒரு கடை போடுவது. அன்று கமரா இராது, சுப்பவைசர் இரார், தராசும் கொப்பியும் பொக்கட்டும் அவர் கையில் இருக்கும். அந்த முதல் நாளுக்கு அவரை ஆயத்தப்படுத்துவது எது?

இன்னும் தைக்கப்படாமல் மிஞ்சியிருக்கும் இடங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். அவை இருக்கின்றன. கண்மட்டத் தட்டில் தேடும் தாயிடம் "கீழ்த்தட்டில் மலிவான மா இருக்கிறது" என்று சொல்வதற்கு எந்த விதியும் கட்டளையிடவில்லை. எந்தக் கமராவும் அதைக் கணக்கெடுக்கவில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்குத் திகதியைப் படித்துக் காட்டலாம். சின்னப் பெக்கட்டாக இரண்டு வாங்குவதைவிடப் பெரியது ஒன்று இலாபம் என்று கணக்குப் பார்த்துச் சொல்லலாம். அந்த மூதாட்டி காத்து நின்ற ஐந்து நிமிடத்தில் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசலாம். அன்று பேசினாராம் என் மாணவர். "உங்கட பேரப்பிள்ளைக்கா பால்மா?" என்று சிங்களத்தில் கேட்டாராம். மூதாட்டி சிரித்தாராம். யாரும் கண்காணிக்காத, யாரும் சம்பளம் கொடுக்காத இந்தச் சிறு வெளியில்தான் அந்தப் பிள்ளையின் ஒழுக்கம் வளர்கிறது.

இந்த வெளியைச் சற்று அகலமாக்கும்படி நிறுவனங்களைக் கேட்பது நியாயமானது. காசாளர் ஒவ்வொருவரிடமும் மாதத்துக்கு ஐந்நூறு ரூபாவை ஒப்படைத்து, 'குறைந்த காசுக்காக யாரும் பொருளைத் திருப்பி வைக்கும்போது உங்கள் புத்திக்கேற்பப் பயன்படுத்துங்கள், கணக்கை எழுதி வையுங்கள்' என்று சொன்னால் எந்த நிறுவனமும் நொடித்துப் போகாது. சிலர் அதைத் தவறாகவும் பயன்படுத்துவார்கள். யார் எப்படிப்பட்டவர் என்று அப்போதுதான் தெரியவரும். அந்தப் பிள்ளைக்கே தன்னைப் பற்றித் தெரியவருவதும் அப்போதுதான்.

நிறுவனங்களைக் கேட்பதோடு எங்கள் வேலை முடிவதில்லை. பிள்ளைகள் அங்கே போவதற்கு முன் பதினொரு வருடம் எங்களிடம் இருக்கிறார்கள். எனது வகுப்பு நூலக அலுமாரியின் திறப்பை ஒவ்வொரு தவணையும் ஒரு மாணவரிடம் கொடுத்து வைக்கிறேன். பதிவுப் புத்தகத்தையும் அவரே வைத்திருப்பார். நான் எண்ணிப் பார்ப்பதில்லை. சில புத்தகங்கள் போயின. சில தவணைகளில் ஒன்றுகூடப் போகவில்லை. ஒரு தவணை, யாரோ வீட்டிலிருந்து கொண்டு வந்து வைத்த இரண்டு புத்தகங்கள் கூடுதலாக இருந்தன. போன புத்தகங்களை நட்டமாக நான் எழுதுவதில்லை. அது பாடத்துக்கான செலவு. பூட்டி வைத்திருந்தால் ஒரு புத்தகமும் போயிருக்காதுதான். அந்த இரண்டும் வந்திருக்கவும் மாட்டா.