தேய்மானம்

பலர் கைமாறிப் பயன்படும் ஒரு பொருள் உடையும்போது, உடைத்தவன் யார்? யார் கையில் இருக்கும்போது உடைந்ததோ அவன்தான் என்று நாம் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுகிறோம். ஊர் வழக்கும் அலுவலக விதியும் இந்தப் பதிலையே ஒப்புக்கொள்கின்றன. வங்கியில் மாலை கணக்கை முடிக்கும்போது ரொக்கம் குறைந்து, தேடியும் பிடிபடாவிட்டால், அன்று அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர்தான் கைப்பணத்தைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். நானும் கட்டியிருக்கிறேன். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நியாயம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். சென்ற வருஷம் கோட்டைக்குப்பத்தில் நடந்த ஒரு சிறிய காரியம் இந்தப் பதிலில் எனக்கிருந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டது. அதில் என் பங்கு கௌரவமானதல்ல.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, ஏரிக்கரையில் ஒரு கொட்டகை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுக ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. மரப்படகுக்கு வாய்ச்சியும் உளியும், கயிறு சுற்றி இழுக்கிற துரப்பணமும் போதும். ஃபைபருக்கு வேறு கருவிகள் வேண்டும். கொட்டகையில் வேலை செய்கிற ஏழெட்டுப் பேர் பணம் போட்டு, பாட்டரியில் ஓடும் ட்ரில் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். எனக்கு அங்கே வேலை எதுவுமில்லை. மாலையில் போய் உட்காருவேன், அவ்வளவுதான்.

கம்பியில்லாத ட்ரில் 1961இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1971இல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் சந்திரனின் தரையைத் துளைத்ததும் பாட்டரியில் ஓடிய ட்ரில்லால்தான். கம்பி போனதில் சௌகரியம் மட்டுமா இருக்கிறது? கம்பி உள்ள கருவி ஒரு சுவரோடு, ஒரு வீட்டோடு கட்டுண்டது. அதைப் பயன்படுத்த அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கம்பி போனதும் அது யார் கைக்கும் போகிறது. எந்தக் கையிலிருந்து வந்தது என்பதும் சுலபமாக மறந்துபோகிறது.

அந்தக் கொட்டகையின் பெரியவர் ட்ரில்லைப் பராமரித்த விதத்தை விவரமாகவே சொல்ல வேண்டும். ஃபைபரைத் துளைக்கும்போது பறக்கிற தூள் கண்ணாடித் தூள். அது காற்றுத் துவாரங்கள் வழியே மோட்டாருக்குள் போய் அரிக்கும். பிட்டின் முனையைச் சீக்கிரம் மழுக்கும். மழுங்கிய பிட்டை அழுத்திப் பிடித்தால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். மோட்டாரும் சூடாகும், பாட்டரியும் சூடாகும். சூடான பாட்டரியை உடனே சார்ஜில் போடக்கூடாது. முழுக்கத் தீர்ந்துபோன பாட்டரியை நாள்கணக்கில் அப்படியே போட்டு வைத்தால், பிறகு சார்ஜரே அதை ஏற்க மறுத்துவிடலாம். ஏரியின் உப்புக்காற்று பாட்டரி பொருந்துகிற உலோக முனைகளில் பூத்துவிடும். அவர் தினமும் வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றி, சக்கைத் துடைத்து, முனைகளை உலர்ந்த துணியால் தேய்த்து, பாட்டரியைத் தனியாக எடுத்து மூடியுள்ள டப்பாவில் வைப்பார். இதையெல்லாம் அவர் யாருக்கும் பாடமாகச் சொன்னதில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

என் வாடகை வீட்டில் புத்தக அலமாரி மாட்ட ட்ரில்லைக் கேட்டேன். கொடுத்தார். "வேகம் மாத்தறதுன்னா, நின்னப்புறம் மாத்துங்க சார்" என்று மட்டும் சொன்னார். சுவரில் மூன்றாவது துளை போடும்போது, சுழன்றுகொண்டிருக்கையிலேயே வேகத்தை மாற்றும் பொத்தானைத் தள்ளிவிட்டேன். உள்ளே ஏதோ ஒரு சத்தம். பிறகு வழக்கம்போல ஓடியது. துடைத்து, டப்பாவில் வைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஓடுகிறதே, என்ன சொல்வது?

இரண்டு மாதம் கழித்து ஒரு இளைஞன் படகில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது அது நின்றுவிட்டது. மோட்டார் சுற்றுகிறது, சக் சுற்றவில்லை. ரிப்பேர்ச் செலவை அவன் தானே ஏற்றுக்கொண்டான். "என் கையிலதான நின்னுச்சி, நான்தான் குடுக்கணும்" என்றான். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஹைடெக்கர் 1927இல் எழுதியதை நம் வட்டத்தில் பலர் படித்திருப்பார்கள். நன்றாக வேலை செய்கிற சுத்தியல் நம் கவனத்திற்கு வருவதேயில்லை. உடையும்போதுதான் அது ஒரு பொருளாக நம் முன் வந்து நிற்கிறது. ஒருவனுக்கும் அவன் கருவிக்கும் உள்ள உறவுக்கு இது பொருந்தும். ஆனால் கருவி பலருடையதாக இருந்தால், உடைவு ஒருவனுக்குத்தான் தென்படுகிறது. மற்றவர்களின் பங்கு அவர்களுக்கே தெரியாமல் பழைய நாட்களில் எங்கோ புதைந்திருக்கிறது. என் விஷயத்தில் எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் வித்தியாசம்.

கணக்கியலில் இதற்கு ஒரு சொல் உண்டு: தேய்மானம். பொருள் தேய்வதையும் அதன் மதிப்பு குறைவதையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். வருஷக் கடைசியில் நாற்காலிக்கும் மேஜைக்கும் இத்தனை சதவீதம் என்று தேய்மானம் எழுதுகிறோம். வங்கியில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிர்ப்பதிவு உண்டு, கையெழுத்து உண்டு. தேய்மானத்திற்கு மட்டும் எந்த ஒரு மனிதனின் பெயரும் கிடையாது. ரொக்கக் குறைவு ஒரே ஒருவன் தலையில். தேய்மானம் யார் தலையிலும் இல்லை. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது ஒரு வழி நம் கணக்குப் புத்தகங்களில் இல்லை.

ஏரியில் இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். இறால் பிடிக்கிற இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வதற்கு இங்கே பாடு என்று பெயர். கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் நடுவூர் மாதாகுப்பமும் நெடுங்காலமாக இதை நடத்தி வந்திருக்கின்றன. எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் விழாது. அதனால் நல்ல இடமும் மோசமான இடமும் மாறி மாறி எல்லோருக்கும் வரும்படி முறை சுற்றுகிறது. பொதுச் சொத்து பேராசையால் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். அப்படி ஒரு விதி இல்லை, பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் கண்காணித்துக் காப்பாற்றிய பொதுச் சொத்துக்கள் ஏராளம் என்று எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பாடு அவர் பக்கத்துக்குச் சாட்சி சொல்லும்.

ஆனால் ஏரிக்கும் ட்ரில்லுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முகத்துவாரம் திறந்திருக்கிறவரை கடலிலிருந்து குஞ்சு இறால் வந்துகொண்டிருக்கும். நேற்று ஒருவன் வலை கட்டிய இடத்தில் இன்று வேறு நீர். ட்ரில் அப்படியல்ல. அதில் நேற்றைய கை அப்படியே இருக்கிறது. நீரை முறை வைத்துப் பங்கிடலாம். தேய்வை முறை வைத்துப் பங்கிட முடியாது. அது யார் முறையில் விழுந்தது என்று விழுந்த அன்று தெரிவதில்லை.

அப்படியானால் பொதுக் கருவிக்கு விதி போதாது, பேச்சும் வேண்டும். ஒரு கருவியைத் திருப்பி வைப்பது ஒரு வாக்குமூலம்: இது நீ எதிர்பார்க்கிறபடிதான் இருக்கிறது என்று அடுத்தவனிடம் சொல்வது. சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் நான் துடைத்து வைத்தது, எவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தாலும், பொய்தான். சுத்தமாகத் துடைத்தது பொய்யை இன்னும் கெட்டியாக்கியது. எழுதுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ‘இருப்பு’, ‘பிரக்ஞை’, ‘தரிசனம்’ என்று நாம் ஓடுகிற வேகத்திலேயே அழுத்திப் பிடித்துக் கெடுத்த சொற்களை, பளபளப்பாகத் துடைத்துத் திரும்ப வைத்திருக்கிறோம். அடுத்து வருகிற இளைஞன் கையில் அவை நின்றுவிடும்போது, அவனுக்கு எழுத வரவில்லை என்று மதிப்புரையும் எழுதுகிறோம்.

ஒருநாள் பெரியவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார். பிரிச்சப்ப பல்லு ஒடைஞ்சிருந்துச்சி. ஓடும்போது மாத்துனாதான் அப்பிடி ஒடையும். எங்காளுங்க யாரும் அப்பிடி மாத்த மாட்டாங்க."

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?"

"உங்களுக்கு இங்க மொறை இல்லியே சார். மொறை இருக்கறவனத்தான கேக்க முடியும்?"

அவர் இடித்துச் சொல்லவில்லை. உள்ள நிலையைச் சொன்னார். நான் கணக்குக் கேட்கப்படாத இடத்தில் இருந்தேன். அதை மரியாதை என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். பாட்டிலும் முறை இல்லாதவர்கள் உண்டு. வலை கட்ட இடமில்லாமல் ஏரியின் ஓரத்தில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு எந்த முறையும் வருவதில்லை. உள்ளே இருக்கிறவர்களுக்குள் பாடு காட்டுகிற சமத்துவம் வெளியே நீள்வதில்லை. ஆனால் அவர்கள் முறைக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்கள். நான் மேலே உட்கார்த்தி வைக்கப்பட்டவன். அவர்களுக்கு உரிமை இல்லை. எனக்குப் பொறுப்பு இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த இளைஞனிடம் முழுப் பணத்தையும் நீட்டினேன். அவன் எண்ணிப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான். "என் கையிலயும் கொஞ்சம் தேஞ்சிருக்கும் சார்" என்றான். வங்கியில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு வராத கணக்கு அது. அந்தப் பாதி துல்லியமல்ல. பல்லை உடைத்தவன் நான் என்று தெரிந்தபிறகும் அவன் தன்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிடவில்லை. கணக்கில் என் பெயரைச் சேர்த்தான், அவ்வளவுதான்.

பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம நீங்க வந்து தொடைங்க சார்" என்றார். போய்க்கொண்டிருக்கிறேன். பிட்டைக் கழற்றி, சக்கைத் துடைத்து, பாட்டரி முனைகளைத் தேய்த்து வைக்கிறேன். சென்ற வாரம் ஒரு முனையில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. யாரால் என்று தெரியாது. டப்பாவை மூடுவதற்கு முன்னால் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.