தாத்தாவா வந்த முருகன்… நாம அடையாளம் கண்டுக்கிறோமா?



இந்தக் கிருத்திகைக்கு ஒரு சின்ன சிந்தனை. அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க.

வள்ளி கல்யாணக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். முருகன் வேடனா வந்தார், வேங்கை மரமா நின்னார், கடைசியில நரைச்ச தாடியோட ஒரு தாத்தாவா வந்தார். அதுக்கப்புறம் யானை வந்த கதையைச் சிரிச்சுக்கிட்டே பேசுவோம். நடுவுல ஒண்ணை விட்டுடுவோம். தினைப்புனம் காத்த வள்ளியம்மை, முன்பின் தெரியாத அந்தக் கிழவருக்குத் தேனும் தினைமாவும் கொடுத்தாங்க. தாகம்னு சொன்னதும் சுனைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வந்தது முருகன்னு தெரிஞ்சு கொடுத்திருந்தா அது நைவேத்தியம். தெரியாமலே கொடுத்தாங்க பாருங்க, அதுதான் அன்பு.

இந்தக் கதை எனக்கு உறைச்சது ஏற்காட்டுல.

நண்பர்களோட சேர்வராயன் கோயிலுக்குப் போயிருந்தேன். சேலத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மலை உச்சியில குகைக்குள்ள குனிஞ்சு போய் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டோம். திரும்பி வர்ற வழியில ஒரு ஊர். திண்ணையில ஒரு பாட்டி தனியா உட்கார்ந்திருந்தாங்க. "எந்த ஊரு சாமி? சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், தீபாவளிக்கு வருவான்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. நாங்க "வர்றோம் பாட்டி"ன்னு கிளம்பிட்டோம். லேடீஸ் சீட்ல சூரியன் மறையறதுக்குள்ள வீடியோ எடுக்கணுமே!

அந்த ரீல்ஸுக்கு நிறைய லைக் வந்துச்சு. ஆனா அந்தப் பாட்டி பேரைக்கூடக் கேட்காம வந்தது இன்னைக்கும் உறுத்துது. சாப்பிட்டீங்களான்னு கேட்க வேண்டியவங்க நாங்க. கேட்டது அவங்க.

1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டு வந்தார்னு வரலாறு சொல்லுது. அந்தத் தோட்டங்களைத் தாங்கினது இந்த மலை ஜனங்களோட முதுகுதான். இன்னைக்குப் பிள்ளைங்க வேலைக்குக் கீழே இறங்கிட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல, வயித்துப் பாடு. ஆனா திண்ணையில காத்திருக்கிற மனசுக்கு யார் துணை?

தனிமை சாதாரண விஷயம் இல்லீங்க. உலக சுகாதார நிறுவனம் 2025-ல வெளியிட்ட அறிக்கையில, உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர் தனிமையில வாடுறதாவும், வருஷத்துக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட மரணங்களுக்குத் தனிமையோட தொடர்பு இருக்குன்னும் சொல்லியிருக்காங்க. மாத்திரையும் பணமும் அனுப்பினா மட்டும் போதாது. பேச்சும் வேணும்.

நல்ல முயற்சிகளும் நடக்குது. 2025-ல தமிழக அரசு 'அன்புச் சோலை' மையங்களை ஆரம்பிச்சது, சேலத்துக்கும் உண்டு. இது முதியோர் இல்லம் இல்ல. பெரியவங்க பகல்ல வந்து பேசி, விளையாடி, சாப்பிட்டு, சாயந்திரம் வீட்டுக்கே திரும்பிடலாம். 2024 ஜனவரியில அறநிலையத்துறை, 60-லேர்ந்து 70 வயசு வரைக்கும் உள்ள பக்தர்களைக் கட்டணமில்லாம அறுபடை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சது. முதல் குழு கிளம்பினது சென்னை கந்தகோட்டத்துலேர்ந்து! 2004 சுனாமிக்கு அப்புறம் கடலூர், நாகப்பட்டினம் பக்கம் பெரியவங்களே சேர்ந்து முதியோர் சுயஉதவிக் குழு நடத்தினாங்க. அதுக்குத் தேவைப்பட்டது கட்டடம் இல்ல, மாசாமாசம் கூடி உட்கார்றதுதான்.

மலைக் கிராமத்துப் பாட்டி தினமும் சேலம் இறங்கி வர முடியுமா? முடியாது. அப்ப யார் ஏறிப் போகணும்? நாமதான்.

ஔவைப் பாட்டி வெயில்ல தனியா நடந்து வந்தப்போ, மரத்து மேல இருந்த மாட்டுக்காரப் பையன் என்ன செஞ்சான்? முதல்ல பேச்சுக் கொடுத்தான். சுட்ட பழமா, சுடாத பழமான்னு வம்பிழுத்தான். பாட்டியைச் சிரிக்க வெச்சான். பழம் அப்புறம்தான். பெரியவங்களைப் பரிதாபமாப் பார்க்காம, சரிக்குச் சமமாப் பேசி விளையாடினான் பாருங்க, அதுதான் நம்ம முருகன்!

சுவாமிமலையில பிள்ளை சொன்னதை அப்பா கை கட்டி, காது கொடுத்துக் கேட்டார். இப்ப நம்ம முறை. பெரியவங்க சொல்றதை நாம கேட்போம்.

இந்த மாசம் மூணே மூணு விஷயம் செய்வோமா?

1. கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போறப்போ, தெருவுல தனியா இருக்கிற ஒரு பெரியவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. பஜனையில அவங்களுக்குத் தெரிஞ்ச பழைய பாட்டை அவங்களையே பாடச் சொல்லுங்க.

2. ஊர்ல இருக்கிற தாத்தா பாட்டிக்குப் போன் போட்டு "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டு வெச்சுடாதீங்க. பழைய கதை ஒண்ணு கேளுங்க. கால் மணி நேரம் தானா ஓடும்.

3. ஆதரவு இல்லாம யாராவது இருந்தா, முதியோர் உதவி எண் 14567-ஐ அவங்களுக்கு எழுதிக் கொடுங்க. கட்டணம் இல்ல.

நான் மறுபடி ஏற்காடு போகப்போறேன். இந்த தடவை கேமரா பைக்குள்ளயே இருக்கும். அந்தத் திண்ணையில உட்கார்ந்து, முதல்ல பாட்டி பேரைக் கேட்கணும். அவங்க அங்கேயே நல்லா இருக்கணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டு இருக்கேன். நீங்களும் வேண்டிக்கோங்க.

படிச்சுட்டு உங்க குரூப்ல ஷேர் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு… அரோகரா! 🦚