பாதிப் போர்வையின் பெயர்



கிராமத்துச் சிறு கோயிலை நாம் சிற்றாலயம் என்கிறோம். இங்கிலீஷ்காரர் சாப்பல் என்பர். மலையாளத்தார் போர்த்துக்கீசியரிடம் கேட்டறிந்து கப்பேள என்பர். இவ்விரு சொற்களுக்கும் தாய், கப்பெல்லா என்னும் இலத்தீன் சொல். அதற்குப் பொருள் கோயிலுமல்ல, பீடமுமல்ல; சிறு போர்வை என்பதே!

போர்வையின் பெயர் கோயிலுக்கு வந்ததெப்படி? 4-ம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சு தேசத்து அமியேன் நகர வாசலில், கடுங்குளிரில் ஒரு பிச்சைக்காரன் ஆடையின்றி நடுங்கினான். போவோர் வருவோர் கண்டும் காணாமற் சென்றனர். மார்த்தீன் என்னும் போர்வீரரிடம் உடுத்திய உடையும் ஒரு போர்வையுமே இருந்தன. அவர் வாளை உருவிப் போர்வையை இரண்டாக வெட்டி, பாதியை அவனுக்கு ஈந்தார். அப்போது அவர் ஞானஸ்நானம்கூடப் பெறவில்லை. அன்றிரவு கனவில், அதே பாதிப் போர்வையைப் போர்த்தியவராய்ச் சேசுநாதர் அவருக்குத் தோன்றினார்.

பிற்காலத்தில் அவர் தூர் நகரத்து மேற்றிராணியாராகி, 397-ம் ஆண்டில் மரித்தார். அவரது போர்வையைப் பிராங்கு அரசர்கள் அருளிக்கமாகக் காத்தனர். போருக்கும் கொண்டு சென்றனர். அதைக் காத்த குருக்கள் கப்பெல்லானி எனப்பட்டனர். அது இருந்த இடம் கப்பெல்லாவாயிற்று. நாளடைவில் சிறு கோயில்கள் யாவற்றுக்கும் அப்பெயரே நிலைத்தது.

கன்னியாகுமரிப் பக்கத்தில் சிற்றாலயத்தைக் குருசடி என்பார்கள். குருசு போர்த்துக்கீசியச் சொல்; அடி நம் தமிழ்ச் சொல். சிலுவையின் அடி என்பது பொருள். அச்சிலுவையில் தொங்கியவர் யார்? வஸ்திரம் உரியப்பட்ட நம் ஆண்டவரல்லவா? ஆகவே இரு பெயர்களும் ஆடையற்ற ஒருவரையே நமக்குக் காட்டுகின்றன.

பிரியமானவர்களே! அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் தறியோசை கேட்டு வளர்ந்த நமக்குத் துணியின் அருமை தெரியும். சிற்றாலயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் விளக்குத் தோரணம் கட்டவும் வரி பிரிக்கிறோம், நல்லதுதான். ஆனால் கார்த்திகைப் பனியில் திருத்தணி இரயிலடியில் சுருண்டு கிடக்கும் கிழவனைத் தாண்டி வந்து தோரணம் கட்டினால், அக்கோயிலின் பெயரே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லாதா?

"மிச்சமில்லையே, சாமி!" என்பீர்கள். அர்ச். மார்த்தீனார் மிச்சத்தைக் கொடுக்கவில்லை. இருந்த ஒன்றையே பங்கிட்டார். அவன் எந்த ஊரான், எந்த வேதத்தான் என்றும் விசாரிக்கவில்லை.

நவம்பர் 11 அவரது திருநாள். அதற்குள் குடும்பத்துக்கு ஒரு போர்வை கொண்டுவாருங்கள். கிழிந்தது வேண்டாம், உங்கள் பிள்ளைக்குப் போர்த்தக்கூடியதாய் இருக்கட்டும். அதை வாங்கிப் போர்த்திக்கொள்பவர் யாரென்று மார்த்தீனாரின் கனவு நமக்குச் சொல்லியிருக்கிறது.

உங்கள் பங்குக் குருவானவர்