கட்டைகளுக்கு இடையில்

மரபையும் நவீனத்தையும் இணைத்தவர் என்று ஒரு கலைஞனைப் பாராட்டும்போது, அந்த இணைப்பில் எது விடுபட்டது என்று நாம் கேட்பதில்லை. துருக்கியின் ஃபஸில் ஸாய் (பிறப்பு 1970) பற்றியும் இந்தப் பாராட்டுதான் எங்கும் காணக்கிடைக்கிறது.

துருக்கியில் இந்த இணைப்பு அரசின் கொள்கையாகவே இருந்தது. நாட்டுப் பாடலை எடுத்து மேற்கத்திய ஹார்மனியில் அமைத்தால் தேசிய இசை பிறக்கும் என்று 1923இல் ஸியா கோகால்ப் எழுதினார். ஓட்டோமான் அவையிசைக்கு அதில் இடமில்லை. 1934இல் வானொலியிலிருந்தே அதை விலக்கினார்கள். 1936 வரை தடை நீடித்தது. பின்னால் வருகிறவனுக்குப் பாடல்களோடு, யாரோ செய்துவைத்த இந்தத் தேர்வும் சேர்ந்தே கிடைக்கிறது. தன் கருவியில் வராத மரபை அவன் என்ன செய்வான்?

ஸாயின் பியானோ படைப்பான ‘கரா தோப்ராக்’ (1997), பார்வையிழந்த கிராமக் கவி ஆஷிக் வெய்ஸலின் (1894–1973) பாடலிலிருந்து பிறந்தது. கரிய மண் ஒன்றே தனக்கு விசுவாசமாக இருந்தது என்று பாடியவர் வெய்ஸல். அவர் மீட்டிய சாஸில், பியானோவின் இரு கட்டைகளுக்கு இடையே விழும் ஸ்வரங்களுக்கும் மெட்டுகள் உண்டு. ஸாய் இடது கையைப் பியானோவுக்குள் விட்டுத் தந்திகளை அழுத்திக்கொண்டு வலது கையால் வாசிக்கிறார். நாதம் மழுங்கி, மண்ணைத் தட்டினாற்போல் வருகிறது. சாஸ் மாதிரியே இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அது முக்கியமில்லை. தந்தியை அழுத்துவதால் அந்த இடை ஸ்வரம் வந்துவிடுவதில்லை. பியானோ தன் கார்வையை இழக்கிறது, அவ்வளவுதான். அந்த இழப்பைக் காதில் விழும்படி விட்டிருப்பதை நான் நேர்மை என்பேன். (வங்கியில் கணக்கு நேராகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுவோம். பாடல்களைப் பன்னிரண்டு கட்டைகளுக்குள் மடக்கியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.)

2010இல் டார்ட்மண்டில் அரங்கேறிய ‘இஸ்தான்புல் சிம்பொன’யில் நேய் என்ற நாணற்குழலும் கானூனும் குதூம் முரசும் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்கின்றன. அசல் வாத்தியங்களே வந்துவிட்டதால் இடை ஸ்வரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தீவுக்குப் போகும் படகு, ஹைதர்பாஷா ரயில் நிலையம் என்று பகுதிகள் நகரும்போது, ஊர் சுற்றிக் காட்டும் உல்லாசமே எனக்கு மிஞ்சுகிறது. எல்லாம் கிடைத்துவிட்ட இடத்தில் தவிப்பு எங்கிருந்து வரும்?

‘கரா தோப்ராக்’கின் நடுவிலும் ஜாஸும் ரொமாண்டிக் ஆரவாரமும் உண்டு. அங்கே பியானோ முழுக் கார்வையோடு முழங்குகிறது. நான் சற்று விலகி நிற்கிறேன். பிறகு ஸாயின் கை மறுபடி தந்திகளுக்குள் போகிறது.