யார் கையில் திறவுகோல்?

2019 நவம்பர் 29ஆம் நாள் காஞ்சிபுரத்தினின்று பிரிந்து செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. புதிய எல்லைக்கோடு எந்த வயலின் வழியே, எந்தத் தெருவின் வழியே செல்கிறது என்று அன்று நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நான்கே மாதங்களில் அக்கோடு மதிலாக எழுந்தது. கொரோனாப் பெருந்தொற்றை முன்னிட்டு, மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும் என்றாயிற்று. 2020 ஜூன் 19 முதல் சென்னையும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் முழு ஊரடங்கிற்கு உட்படவிருந்த வேளையில், பரனூர்ச் சுங்கச்சாவடியில் தெற்கு நோக்கி வண்டிகள் வரிசைகட்டி நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். சென்னையிலிருந்து வருகிறார் என்றாலே சொந்த ஊரிலும் முகம் திருப்பிக்கொண்டனர். கடல் சூழாமலே ஒவ்வோர் ஊரும் தீவாயிற்று.

பின்னர்த் திறக்கும் காலம் வந்தது. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் இ-பாஸ் என்றனர். செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கிடையே அதுவும் தேவையில்லை என்றனர். மூடியபோது எழாத விவாதம் திறந்தபோது எழுந்தது. "அப்பாடா!" என்றனர் ஒரு சாரார். "இனி ஊரே அழியும்" என்றனர் மறுசாரார். திருமணத்திற்கும் துக்கத்திற்கும் பொய்க் காரணம் காட்டி இ-பாஸ் பெற்றுப் பயணம் செய்தவர்களுள்ளும் சிலர், பிறர் வருவதை மட்டும் தடுக்க வேண்டுமென்று உரக்கப் பேசினர்! மனித இயல்பு அத்தகையது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. நோய்க்கு அஞ்சி வாயிலை மூடச் சொல்வது அன்பிற்கு மாறானதா? அன்று என்றே கருதுகிறோம். வீட்டில் முதியவரும் குழந்தையும் இருக்கையில் அஞ்சாதிருப்பது வீரமன்று, பொறுப்பின்மை. ஆனால் அச்சத்திற்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கொடுப்பது என்பதில்தான் அறம் தொடங்குகிறது.

மாமல்லபுரத்தை நினைத்துப் பார்ப்போம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் உலாவந்த அதே கற்கோயில்கள், 2020 மார்ச்சில் பூட்டப்பட்டு, டிசம்பரில்தான் திறக்கப்பட்டன. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் கல் தச்சர், சிப்பிப் பொருள் விற்பவர், வழிகாட்டிகள், ஆட்டோ ஓட்டுநர், விடுதிப் பணியாளர் ஆகியோரின் அடுப்பு எப்படி எரிந்தது? அரசு ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும், ஜூன் முழு ஊரடங்கின்போது மீண்டும் ஓர் ஆயிரமும் வழங்கியது. ஒன்பது மாதத்திற்கு அது எம்மாத்திரம்? மாதம் தவறாமல் ஊதியமோ ஓய்வூதியமோ வங்கியில் விழுந்த நம்மனோர், வீட்டு முற்றத்தில் அமர்ந்து "இன்னும் கொஞ்ச காலம் மூடியே இருக்கட்டும்" என்று சொல்வது எளிது. அப்படிச் சொன்னவர், மூடிய வாயிலுக்கு வெளியே பசித்திருப்பவருக்குத் தம் உலையில் ஒரு பிடி அரிசி கூட்டிப் போட்டிருந்தால் அவருடைய அச்சத்தை நாம் மதிக்கலாம். அப்படிச் செய்தவர்கள் நம் பங்குகளிலும் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. அவர்கள் சிலரே.

இதே டிசம்பரில், மேற்கே அரபிக்கடலில், மெய்யான தீவுகளிலும் இவ்வினா எழுந்தது. இலட்சத்தீவின் மக்கள்தொகை 2011 கணக்கின்படி 64,473. பெருநிலத்திலிருந்து திரும்புவோர் கொச்சியில் தனிமைப்படுத்தப்பட்டு, சோதனைக்குப் பிறகே கப்பலேறினர். அதன் பயனாக, 2020ஆம் ஆண்டு முடியும்வரை அங்கு ஒருவருக்கும் தொற்று இல்லை. அவ்வாண்டு இறுதியில், புதிய நிர்வாகி பொறுப்பேற்றபின், அவ்விதி தளர்த்தப்பட்டது. தொற்றில்லை என்னும் சோதனைச் சான்று இருந்தால் போதும் என்றாயிற்று. தீவு மக்கள் எதிர்த்துப் போராடினர். 2021 ஜனவரி 18 அன்று முதல் தொற்று உறுதியாயிற்று. மே மாதத்திற்குள் அது ஆயிரக்கணக்கில் பெருகியது.

மேலோட்டமாய்ப் பார்த்தால், இலட்சத்தீவாரின் எதிர்ப்பும் நம் ஊர்களில் எழுந்த கூச்சலும் ஒன்றே எனத் தோன்றும். ஒன்றல்ல. அங்கே மூடிய வாயிலின் விலையைக் கொடுத்தவர்கள் அம்மக்களே. கொச்சியில் நாள்களை எண்ணிக் காத்திருந்தவர்கள் அவர்கள் வீட்டு மாணவரும் நோயாளரும் வணிகரும்தாம். தாமே விலை கொடுத்துக் காத்த ஒன்றை, தம்மைக் கேளாமல் பிறர் திறந்துவிட்டனர் என்பதே அவர்கள் மனத்தாங்கல். அது நியாயமானது.

வரலாற்றில் இதற்கு முன்னும் நடந்ததுண்டு. 1918 நவம்பரில், ஆக்லாந்திலிருந்து 'தலூன்' என்னும் கப்பல் நச்சுக் காய்ச்சலைச் சுமந்து மேற்குச் சமோவாவை அடைந்தது. அத்தீவை ஆண்ட நியூசிலாந்துப் படை நிர்வாகம் அதைத் தடுக்கவில்லை. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். கூப்பிடு தொலைவு எனத்தக்க அமெரிக்கச் சமோவாவோ, கரையை மூடிக் காவலிட்டதால், ஓர் உயிரையும் இழக்கவில்லை. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து!

அரசாணையால் திறக்கும் வாயில் ஒன்று. மனத்தால் திறக்க வேண்டிய வாயில் வேறொன்று. பின்னது குறித்துச் செங்கற்பட்டுக்காரரான நமக்குப் புதிதாய் யாரும் சொல்ல வேண்டியதில்லை. நகரையடுத்த திருமணியில் 1920களில் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம், 1955இல் மைய அரசின் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. 1980களில் கூட்டுமருந்துச் சிகிச்சை வந்தபின் தொழுநோய் முழுமையாகக் குணமாகும் நோயாயிற்று. மருத்துவர், "நீ நலமானாய், வீட்டிற்குப் போ" என்றார். போவதற்குத்தான் பலருக்கு வீடில்லை. கொரோனாக் காலத்திலும் குணமாகித் திரும்பியவர் வாசலில் அடித்த தகரத்தைக் கழற்றிய பின்னும், அண்டை வீட்டார் பார்வையில் தகரம் இருந்தது. 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. வேறிடம் கொண்டு சென்றபோது அங்கே கல்லெறி நடந்தது. பிணத்திற்கும் இ-பாஸ் மறுத்த காலம் அது.

எண்ணிக்கை நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கலாம். மோசேயின் தமக்கை மிரியாம் தொழுநோயுற்று ஏழு நாள்கள் பாளையத்திற்கு வெளியே விலக்கி வைக்கப்பட்டார். சட்டம் சட்டமே; தலைவரின் தமக்கை என்பதற்காக அது தளர்த்தப்படவில்லை. ஆனால் அவர் திரும்பக் கொண்டுவரப்படும்வரை மக்கள் பயணம் புறப்படவில்லை. வாக்களிக்கப்பட்ட நாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு பெருங்கூட்டம், வெளியே நிறுத்தப்பட்ட ஒருத்திக்காக, பாலைநிலத்தில் ஏழு நாள்கள் கூடாரத்தைக் கலைக்காமல் காத்திருந்தது. நீருக்கும் உணவுக்கும் ஓயாமல் முறுமுறுத்த மக்கள்தாம் அவர்கள். அந்த ஏழு நாள்களில் யாரும் முறுமுறுத்ததாக அந்நூல் சொல்லவில்லை.